ரோதை முனியும் அரிக்கன் லாம்பும்

நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. ஒன்பது வயது மகளுக்கு எழுதும் சாகசக் கதையில் மந்திரத்தையும் விஞ்ஞானத்தையும் கலந்தால் பிள்ளை குழம்பிப் போகுமா என்பது ஒன்று. கடைசி அத்தியாயத்தில் மந்திரம் அத்தனைக்கும் விஞ்ஞான விளக்கம் கொடுத்துவிட வேண்டுமா என்பது மற்றது. கூடவே முதல் அத்தியாயத்தையும் போட்டிருந்தீர்கள்: நுவரெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம், லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், வாழும் சிறுமி செல்வி, அவளுடைய அப்பாயி கொடுக்கும் பழைய அரிக்கன் லாம்பு, மூடுபனிக்குள் அந்த வெளிச்சத்தில் மட்டும் தெரியும் வழிகள். 'ஒன்றில் விஞ்ஞானம் எழுது, இல்லாவிட்டால் மந்திரம் எழுது' என்று பொறியியலாளரான உங்கள் தம்பி சொன்னாராம். எல்லாவற்றையும் சேர்த்து வாசித்தபோது, உள்ளே இருக்கும் கேள்வி வேறு என்று எனக்குப் பட்டது. லயத்து இஸ்தோப்பில், அதாவது திண்ணையில், முனிக் கதை கேட்டு வளர்ந்தவர் நீங்கள். கொழும்பில் வளரும் பிள்ளைக்கு அதையே கொடுத்தால் மூடநம்பிக்கையைக் கொடுத்ததாகிவிடுமோ என்று பயப்படுகிறீர்கள். அந்தப் பயத்துக்குத்தான் இந்தப் பதில்.

நான் எழுத்தாளன் அல்ல. 31 வருடம் ஹட்டன் பக்கமும் பிறகு பண்டாரவளைப் பக்கமும் தோட்டப் பாடசாலைகளில் விஞ்ஞானம் படிப்பித்தேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் யாருக்கும் பாடம் ஏறாது, அதனால் கதை சொல்வேன். தரம் நான்கிலிருந்து ஆறு வரை உள்ள பிள்ளைகள். கீழே விஞ்ஞானமாக நான் சொல்வதை நம்பி எழுதலாம். பிள்ளைகளின் மனதைப் பற்றிச் சொல்வது மட்டும் என் வகுப்பில் கண்ணால் கண்டது, அவ்வளவுதான். உங்கள் மகள் வேறு மாதிரி இருக்கலாம்.

லாம்பில் தொடங்குவோம், ஏனென்றால் நானும் ஒருமுறை மந்திர விளக்குக் கதை சொல்லி மாட்டிக்கொண்டவன். எண்ணெய் இல்லாமல் எரியும் விளக்கு, பனிக்குள் காணாமல் போன ஆட்டுக்குட்டியைத் தேடும் ஒரு பையன், அவன் கையில் அந்த விளக்கு. கதை நன்றாகத்தான் போனது. பின் வாங்கில் இருந்த ஒரு பிள்ளை கையைத் தூக்கி, "சேர், எண்ணெய் இல்லன்னா பெட்டரி எங்க?" என்றாள். மந்திர விளக்குக்குப் பெட்டரி ஏது என்று சொல்லிச் சமாளித்தேன். அவள் சும்மா இருந்தாள், ஆனால் முகத்தில் ஏமாற்றம். மற்றப் பிள்ளைகளும் அந்தக் கணத்திலிருந்து கதைக்கு வெளியே போய்விட்டார்கள். மந்திரம் வந்ததில் அவர்களுக்குக் குறையில்லை, கேள்வி கேட்ட இடத்தில் கதவு சாத்தப்பட்டதுதான் பிடிக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அதே கதையைத் திருத்திச் சொன்னேன். விளக்குக்குச் சக்தி எங்கிருந்தோ வரவேண்டும், அது பிடித்திருப்பவனின் கைச்சூட்டிலிருந்து வருகிறது. வெளிச்சம் கூடக் கூடக் கை விறைக்கும். அதிக நேரம் எரித்தால் விரல் மடங்காது, விளக்குக் கீழே விழும். உடனே வகுப்பே மாறிவிட்டது. "மத்தக் கைக்கு மாத்தலாம் தானே?" "ரெண்டு பேரும் சேர்ந்து பிடிச்சா?" "அடுப்புல கை காய்ச்சிட்டு வந்தா?" நான் கதை சொல்லவே தேவையில்லாமல் போயிற்று, அவர்களே பையனைக் கரைசேர்த்துவிட்டார்கள்.

இதிலிருந்து நான் பிடித்துக்கொண்டது ஒன்றே ஒன்று: கதையில் ஒரேயொரு விதியை உடையுங்கள், மற்ற விதிகளை அப்படியே விடுங்கள். உடம்புச் சூட்டை அப்படியே வெளிச்சமாக்க இயற்பியல் விடாது, தம்பியிடம் கேட்டால் காரணம் சொல்வார். அதுதான் மந்திரத்தின் பங்கு. ஆனால் ஒன்றுமில்லாததிலிருந்து சக்தி வராது என்ற கணக்கு அங்கேயும் நிற்கிறது. மின்மினியை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அதன் வயிற்றில் லூசிபெரின் என்ற பொருள் ஒட்சிசனோடு சேரும்போது வெளிச்சம் வருகிறது, சூடு ஏறக்குறைய இல்லை. இழை உள்ள பழைய மின்குமிழில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சூடாகவே வீணாகும். செல்வி ஒரு மின்மினியைக் கையில் ஏந்தி, 'இது ஏன் சுடவில்லை?' என்று கேட்கட்டும். அதற்கு அடுத்த பக்கத்தில் லாம்பு வரட்டும். பிள்ளை குழம்பாது. எது உண்மை, எது கதைக்காகச் செய்த மாற்றம் என்று தானே கோடு போட்டுக்கொள்ளும்.

இனி முனிக்கு வருகிறேன். விஞ்ஞானமும் மந்திரமும் கலப்பதை ஏதோ இறக்குமதிச் சரக்கு மாதிரி உங்கள் தம்பி பேசுகிறார். நம் தோட்டங்களில் ரோதை முனி என்று ஒரு சாமி உண்டு, மறந்துவிட்டீர்களா? ரோதை என்றால் சக்கரம், போர்த்துக்கீசச் சொல்லின் வழி வந்தது. தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், உள்ள இயந்திரத்துக்குக் காவலாக நம் ஆட்கள் வைத்துக்கொண்ட தெய்வம் அது. தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்து வெட்டுக்கும் கவ்வாத்துச் சாமி இருக்கிறது. யோசித்துப் பாருங்கள், தமிழ்நாட்டிலிருந்து காட்டுக்கும் கழனிக்கும் உரிய சாமிகளோடு வந்த மக்கள், தங்கள் கையை இழுத்துக்கொள்ளக்கூடிய ஓர் உருளை இயந்திரத்தைப் பார்த்ததும் அதற்கும் ஒரு முனியை நிறுத்திவிட்டார்கள். அதற்காக இயந்திரத்துக்கு எண்ணெய் போடாமல் விட்டார்களா? எண்ணெயும் போட்டார்கள், கற்பூரமும் கொளுத்தினார்கள்.

கதையில் ஸ்டோரை இன்னும் உள்ளே போய்க் காட்டுங்கள். வாடிய கொழுந்து உருளைக்குள் போகும்போது பச்சைப் புல் வெட்டின வாசனை அடிக்கும். இலை நசுங்கிச் சாறு வெளியே வரும். பரப்பி வைத்தால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சை மங்கிச் செப்புக்காசு நிறத்துக்கு வரும், வாசனையும் பழ வாசனைக்கு நகரும். ஸ்டோரில் இதைப் பெர்மெண்டேஷன் என்பார்கள். ஆனால் கள் புளிக்கிற மாதிரி நுண்ணுயிர் செய்யும் வேலை இல்லை இது. இலையிலேயே இருக்கிற நொதியம் காற்றின் ஒட்சிசனோடு சேர்ந்து செய்வது. வெட்டி வைத்த கத்தரிக்காய் கறுப்பதும் இதே வேலைதான். சூளையில் சூடு ஏற்றியதும் நொதியம் செத்துவிடும், நிறமாற்றம் அந்த இடத்தில் நிற்கும். ஒரு நிமிடம் முந்தினாலும் பிந்தினாலும் தேத்தண்ணி வேறு. இதை விட நல்ல மந்திரச் சடங்கு எங்கே கிடைக்கும்? காவலுக்கு முனி நிற்கிறார், உள்ளே வேதியியல் நடக்கிறது, நேரம் தவறினால் எல்லாம் பாழ். செல்வி முனியிடம் வரம் கேட்கலாம், ஆனால் முனி அவளிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'சூளையை எப்போது மூட்டுவாய்?'

ஓர் இடத்தில் மட்டும் நான் கண்டிப்பு. உடம்புக்கு உண்மையாகவே ஆபத்து உள்ள இடத்தில் மந்திரம் காப்பாற்றக் கூடாது. இதை நான் தப்புச் செய்து படித்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், குளவிக் கூட்டை மந்திரம் சொல்லி அடக்கும் ஒரு சிறுவனின் கதையைச் சொன்னேன். நல்ல கைதட்டல். இரண்டு நாள் கழித்து ஒரு பையன் மரத்தடியில் கூட்டுக்குக் கீழே நின்று அதே வார்த்தைகளைச் சொல்லியிருக்கிறான். மூன்று கொட்டோடு தப்பினான். மலையில் கொழுந்து பறிக்கும் எத்தனை பேர் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும், அதில் செத்தவர்களும் உண்டு. அந்தப் பையனின் தாய் என்னைத் திட்டவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. ஆகவே குளவி, இடி மின்னல், மின்கம்பி, வெள்ளம் பாயும் ஆறு, சிறுத்தை ஆகியவற்றின் முன்னால் செல்வியின் லாம்பு வெறும் லாம்பாக இருக்கட்டும். அங்கே அவள் செய்வது உண்மையில் செய்ய வேண்டியதாக இருக்கட்டும்: குளவி கிளம்பினால் கையை வீசாமல் முகத்தை மூடிக்கொண்டு ஓடுவது, இடி இடித்தால் தனிமரத்தை விட்டு விலகுவது. உங்கள் மூன்றாவது பக்கத்தில் செல்வி மின்னலுக்கு மரத்தடியில் ஒதுங்கி லாம்பை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறாள். அந்தப் பத்தியை எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது கேள்வி, கடைசியில் விளக்கம். எல்லாவற்றையும் விளக்கிவிடாதீர்கள் என்பது என் கட்சி. 'எல்லாம் கனவு' என்று முடிக்கிற கதைக்கும் 'எல்லாம் விஞ்ஞானம்' என்று முடிக்கிற கதைக்கும் பிள்ளைகள் ஒரே முகத்தைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் சிலவற்றை நடுவழியிலேயே விளக்கலாம், விளக்கினாலும் அழகு குறையாதவற்றை. லயத்துத் தகரக் கூரையில் ஆணி கழன்ற ஓட்டை இருக்குமே, வெயில் நேரத்தில் கதவைச் சாத்தினால் தரையில் வட்ட வட்டமாக வெளிச்சம் விழுமே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டை மூன்று மூலையாகக் கிழிந்திருக்கும், தரையில் விழுவது மட்டும் வட்டம். ஏன்? அது ஓட்டையின் வடிவம் அல்ல, சூரியனின் படம். காம்பரா, அதாவது அந்த அறையே, ஊசித்துளைக் கமரா ஆகிவிட்டது. ஓட்டையிலிருந்து அந்த வட்டம் பத்தடி தூரத்தில் விழுந்தால் அதன் குறுக்களவு ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூட வரும். சோக்கட்டியால் ஓரத்தைக் கோடு போட்டுவிட்டு இருந்தால், ஏறக்குறைய இரண்டு நிமிடத்தில் வட்டம் தன் அகலம் முழுவதும் நகர்ந்து கோட்டைத் தாண்டிவிடும். பூமி சுற்றுவதை ஒரு பிள்ளை சிமெந்துத் தரையில் தொட்டுப் பார்க்க முடிகிறது.

2019 டிசம்பர் 26 காலையில் சூரிய கிரகணம் வந்தது. யாழ்ப்பாணப் பக்கம் வளையமாகத் தெரிந்தது, நமக்குப் பகுதி மறைப்புத்தான். பாடசாலை விடுமுறை. பக்கத்து லயத்துப் பிள்ளைகளை இஸ்தோப்புக்குக் கூப்பிட்டு, சூரியனை நேரே பார்க்க விடாமல், இடியப்பத் தட்டை வெயிலில் பிடிக்கச் சொன்னேன். தட்டின் ஒவ்வொரு கண்ணுக்கும் கீழே ஒரு பிறை. தரை முழுக்கப் பிறை. ஒரு பாட்டி பின்னால் நின்று 'ராகு விழுங்கிக்கிட்டிருக்கான்' என்றாள். பிள்ளைகள் இரண்டையும் கேட்டார்கள், இரண்டிலும் அவர்களுக்குச் சண்டை இருந்ததாகத் தெரியவில்லை. 'ராகு எவ்வளவு நேரத்துல துப்புவான் சேர்?' என்று ஒருவன் கேட்டான், நேரத்தைச் சொன்னேன், சொன்ன நேரத்துக்குத் துப்பினான். இந்த மாதிரிக் காட்சியை உங்கள் கதையில் வைத்தால் விளக்கத்துக்குக் கடைசி அத்தியாயம் வரை காத்திருக்கத் தேவையில்லை.

மந்திர வாசல் வேண்டும், பனிக்குகை ஒன்று யோசிக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். குகை எதற்கு? பட்டிப்பொல ரயில் நிலையத்தைத் தாண்டி ஒகியாவுக்குப் போகும் வழியில் உச்சிச் சுரங்கம் இருக்கிறது. அந்த ரயில் பாதையின் உயரமான இடம், கிட்டத்தட்ட 1,900 மீட்டர். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் வாய்த்தால், சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் பனியும் தூறலும், அந்தப் பக்கம் வெயில். மழைமேகம் மேற்குச் சரிவில் ஏறித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வெறும் காற்றாக ஊவாவுக்குள் இறங்குகிறது. அந்த வறண்ட கச்சான் காற்றுத்தான் ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்கு அதன் தனி வாசனையைக் கொடுக்கிறது. எந்த நாளும் இப்படி அமையும் என்று எழுதிவிடாதீர்கள், சில நாளில் இரண்டு பக்கமும் மழைதான்.

இன்னொன்று, செல்விக்கும் அவளுடைய தோழனுக்கும் சண்டை மூட்ட. காலைச் சூரியன் முதுகுக்குப் பின்னால் தாழ்வாக இருக்க, முன்னால் பள்ளத்தில் பனி நிறைந்திருந்தால், மலை ஓரத்தில் நிற்பவரின் நிழல் பனியில் விழும், தலையைச் சுற்றி வானவில் மாதிரி ஒரு வளையம் வரும். இரண்டு பேர் கொஞ்சம் தள்ளி நின்றால் இருவரின் நிழலும் இருவருக்கும் தெரியும், ஆனால் வளையம் அவரவர் தலைக்கு மட்டும். பனித்துளிகள் வெளிச்சத்தை வந்த வழியே, அவரவர் கண்ணுக்கே திருப்பி அனுப்புவதால் வருவது. 'தலையில் வளையம் உள்ளவருக்கே லாம்பு' என்று அப்பாயி சொல்லியிருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். இரண்டு பிள்ளைகளும் பொய் சொல்லவில்லை, இரண்டு பேரும் மற்றவரைப் பொய்யர் என்பார்கள்.

தெமோதரை வளைவையும் கேட்டிருந்தீர்கள். அங்கே ரயில், நிலையத்தை விட்டுப் புறப்பட்டு, மலையைச் சுற்றி இறங்கி, அதே நிலையத்துக்கு அடியில் உள்ள சுரங்கத்தால் போகிறது, இது கண்ணால் காணக்கூடியது. ஒரு கங்காணி தலைப்பாகையைக் கழற்றிச் சுற்றியதைப் பார்த்துத்தான் பொறியியலாளருக்கு இந்த யோசனை வந்தது என்பது நம் பக்கத்தில் எல்லோரும் சொல்லும் கதை. அதைக் கதையாகவே எழுதுங்கள், பாட்டி வாயில் வைத்து. வரலாறு என்று முன்னுரையில் போட வேண்டாம்.

வில்லன் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். கறுப்பு அங்கி போட்ட மந்திரவாதி நம் மலைக்கு எதற்கு? 1869இல் இங்கே கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் தூள் தெரிந்தது. இலைத்துரு நோய், ஒரு பங்கசு. இருபது வருடத்துக்குள் ஒரு நாட்டின் கோப்பித் தோட்டங்களை அழித்தது. அதன் விஞ்ஞானப் பெயரைத் திரித்துத் துரைமார் 'நாசக்கார எமிலி' என்று பெயர் வைத்தார்கள். அந்த அழிவுக்குப் பிறகுதான் இந்த மலைகள் தேயிலை மலைகள் ஆயின. 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் வந்து, கிளிசரின் தடவிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டத்தில் வைத்து, காற்றில் மிதக்கும் பங்கசு வித்திகளைப் பிடித்துக் காட்டினார். இலையில் ஈரம் இருந்தால்தான் வித்தி முளைக்கும் என்றும் கண்டார். கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் வரும், பனி ஈரத்தில் விழிக்கும், தொட்டால் விரலில் செம்மஞ்சளாக ஒட்டும். பேய் என்று சொல்ல இதற்கு மேல் என்ன வேண்டும்? செல்வியும் உடைந்த ஜாம் போத்தல் கண்ணாடியில் தேங்காய் எண்ணெய் தடவி வைத்துப் பேயைப் பிடிக்கலாம்.

மொழி, நீளம் பற்றிச் சுருக்கமாக. பேச்சு மட்டும் தோட்டத்துப் பேச்சாகவும் மற்றது எழுத்துத் தமிழாகவும் நீங்கள் எழுதியிருப்பது சரி. பீலி, பெரட்டு, காம்பரா போன்ற தோட்டத்துச் சொற்கள் எல்லாவற்றுக்கும் அடிக்குறிப்பு வேண்டாம், பிள்ளை கேட்கட்டும், கேட்டால் நீங்கள் கதைக்க ஒரு சாட்டு. ஓர் அத்தியாயம் படுக்கைக்குப் போகுமுன் ஒரே மூச்சில் வாசிக்கும் அளவு போதும்.

அப்புறம் ஒரு திருத்தம். முதல் அத்தியாயத்தில் செல்வியின் அம்மா அடுப்பில் வைத்த கேத்தல் 'நூறு பாகையில் கொதித்தது' என்று இருக்கிறது. நுவரெலியா உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். பருப்பு அங்கே லேசில் வேகாததற்கு அதுதான் காரணம். உயரம் ஏறக்குறைய 300 மீட்டர் கூடினால் கொதிநிலை ஒரு பாகை குறையும். ஹட்டன் மட்டத்தில் 96ஐ ஒட்டி வரும். பிழை என்று வெட்டிவிடாதீர்கள், இதில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. பனியில் வழி தவறிய இரண்டு பிள்ளைகள், ஒரு கேத்தல், பாடசாலையிலிருந்து சொல்லாமல் எடுத்து வந்த ஒரு வெப்பமானி. லாம்பைப் பிடித்துப் பிடித்துக் கை விறைத்துப் போயிற்று, இனி அது எரியாது. சுள்ளி பொறுக்கித் தண்ணீர் கொதிக்க வைத்துப் பாகையைப் பார்த்தால் எவ்வளவு உயரத்தில் நிற்கிறோம் என்று தெரிந்துவிடும். ஒரு கோடு தப்பாக வாசித்தால் 300 மீட்டர் பிசகும், அதையும் மறக்க வேண்டாம். எழுதி முடித்ததும் தம்பியிடம் கொடுங்கள். நூறு பாகையை அவர் எப்படிக் கவனிக்காமல் விட்டார் என்றும் கேட்டுப் பாருங்கள்.